எரிமலையில் ராகுகாலம்

பையை மடியிலயே வெச்சுக்கிட்டு ஏன் தாயி அவஸ்தைப்படுற? இப்படிக் கீழ வை. நான் காலை ஒடுக்கிக்கிறேன். அந்தப் பெட்டி என்னோடதுதான். மேல வைக்க எடமில்லைன்னுட்டான் கண்டக்டரு. ஏரோப்பிளேன்ல எடம் குடுத்தான், திருமங்கலத்து பஸ்ல எடமில்லையாம். ஆமா, ஏரோப்பிளேன்லதான் வந்தேன். ஏன், என்னையப் பார்த்தா ஏரோப்பிளேன் ஏறுனவ மாதிரித் தெரியலையா? எரிமலையே ஏறிட்டு வந்திருக்கேன்.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். மலை உச்சியில ஊருணி கணக்கா ஒரு குழி. தண்ணிக்குப் பதிலா உள்ளருந்து பொகை. அம்புட்டுதான் எரிமலை. அதைப் போயி பத்து வயசுப் புள்ளைக்கும் ஆறு வயசுப் புள்ளைக்கும் காட்டணும்னு ஒருத்தி ஒத்தக்கால்ல நின்னா. யாரு? எங்க டீச்சரம்மாதான். என் தம்பி தனுஷ்கோடி ரெண்டாந்தாரமாக் கட்டியிருக்கானே, அவுக. பேரு சுபாஷிணி. நான் டீச்சரம்மான்னுதான் சொல்லுவேன். பேரைச் சொல்லிக் கூப்பிடுற அளவுக்கு எங்களுக்குள்ள ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.

நீ எங்க எறங்கணும்? கிருஷ்ணன்கோவிலா? அப்ப நேரம் கெடக்கு. அந்த போனை உள்ள வை, சொல்றேன்.

என் பேரு சண்முகவடிவு. ராஜபாளையம். கட்டுனவரு போயி பதினெட்டு வருஷம் ஆச்சு, புள்ளை குட்டி கெடையாது. தம்பி பஞ்சு மில்லுல மாஸ்டர். அவனோட மொதப் பொண்டாட்டி, பாவம், மஞ்சக்காமாலையில போயிட்டா. அப்ப சஹானாவுக்கு ஏழு வயசு, கவினுக்கு மூணு. அன்னைக்கு ரெண்டையும் தூக்குனவ நான். எறக்கி வைக்கவே இல்ல. தலை பின்னுறது, சோறூட்டுறது, பள்ளிக்கூடத்துல கையெழுத்துப் போடுறது எல்லாம் நான்தான். வயித்துல சுமக்கல, அது ஒண்ணுதான் பாக்கி. அந்தப் புள்ளைக என் உசுரு தாயி. அதுல ஒளிச்சுப் பேச ஒண்ணுமில்ல.

தம்பிக்கு ஜாவாவுல வேலை வந்துச்சு. நம்ம ஊருப் பக்கத்து மாஸ்டருகளைத்தான் அங்க உள்ள மில்லுக்காரனுக கூப்பிடுறானுக. சுரபாயான்னு ஒரு ஊரு, அதுக்கு அங்கிட்டு. இவன் போனான். போனவன் ஒரு வருஷம் கழிச்சு லீவுல வந்து, சிவகாசியில பூகோளம் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்த டீச்சரம்மாவைக் கட்டிக்கிட்டுத் திரும்பிப் போனான். முப்பத்தாறு வயசு வரைக்கும் உலக உருண்டையைச் சுத்திக்கிட்டு இருந்த பொம்பளை. ஜாதகத்தை நான் பாக்கணும்னேன். 'எனக்கு அதுல நம்பிக்கை இல்ல மதினி'ன்னு என் மூஞ்சிக்கு நேராச் சொன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா வேற. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, இது தேறாத கேசுன்னு.

இந்த வருஷம் முழுப்பரீச்சை லீவுக்கு நானும் புள்ளைகளும் அங்க போனோம். போறதுக்கு முன்னாடியே தம்பி போன்ல இழுத்தான். 'அக்கா, புள்ளைகளை ஜூலையில இங்கயே பள்ளிக்கூடத்துல சேர்த்துரலாம்னு சுபா நெனைக்குது.' சுபா நெனைக்குதாம். இவன் நெனைக்கலையாம். நான் முடியாதுன்னேன். கடைசியில அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'லீவு முடியட்டும்க்கா. புள்ளைககிட்டயே கேப்போம். யாருகூட இருக்கணும்னு அதுக வாயாலயே சொல்லட்டும்.' சரின்னுட்டேன். எனக்கு என்ன பயம்? மூணு வருஷம் என் முந்தானையில தூங்குன புள்ளைக. ரெண்டு மாசத்துல ஒருத்தி வந்து மயக்கிருவாளா?

போகும்போது சும்மாவா போனேன்? மாகாளிக்கெழங்கு ஊறுகா, கூழ்வத்தல், ரெண்டு கிலோ மல்லித்தூள், அப்புறம் சுவத்துல மாட்டுற தினசரிக் காலண்டர். காலண்டரைப் பார்த்துட்டு அந்த ஊரு ஏர்போர்ட்டுல ஒருத்தன் பெரட்டிப் பெரட்டிப் பாக்குறான். நாளு கெழமை தெரியாத பயலுக. வீட்டுக்குள்ள நொழைஞ்சதும் மொத வேலையா அதை மாட்டுனேன். தெனமும் காலையில கிழிக்கிறது நான். கிழிச்சு, இன்னைக்கு ராகுகாலம் என்ன, எமகண்டம் என்னன்னு சத்தமா வாசிப்பேன். எல்லாருக்கும் கேக்கட்டும்னுதான்.

அப்புறம் இந்தக் கடியாரம் இருக்கே, அந்த ஊருல நம்மளை விட ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஓடுதாம். தம்பி என் வாட்சைக் கழட்டி மாத்தப் பார்த்தான். கையைத் தட்டிவிட்டேன். என் மாத்திரைக்கும், நான் வெளக்கேத்துறதுக்கும் நம்ம ஊரு நேரந்தான். அவனுகளுக்காக நான் ஏன் மாத்தணும்? டீச்சரம்மா அவுக கடியாரப்படி பன்னெண்டரைக்குப் புள்ளைகளுக்குச் சோறு போடுவாக. நான் என் வாட்சுப்படி பன்னெண்டரைக்கு ஒருக்காப் போடுவேன். கவின் பய ரெண்டையும் திம்பான். சஹானாதான், 'அத்தை, வயிறு வலிக்குது, இப்பத்தான் மிஸ் குடுத்தாங்க'ன்னு சிணுங்குவா. மிஸ்ஸா? ஆமா, மிஸ்னுதான் கூப்பிடச் சொல்லி வெச்சேன். 'உங்க அம்மா போட்டோவுல இருக்கா. இவுக டீச்சரு. டீச்சரை என்னன்னு கூப்பிடுவீக? மிஸ்.' அதுல என்ன தப்பு? ஆனா டீச்சரம்மாவுக்கு அது கொஞ்சங்கூட உறைக்கல. 'எஸ், சொல்லு'ன்னு வருவா. ரோசமே கெடையாது.

இப்படியே போயிருந்தா ஒரு சோலியும் இல்ல. ஒரு நாள் முட்டையை அவிச்சு ரெண்டா வெட்டிப் புள்ளைகளுக்கு முன்னாடி வெச்சா. ஓடுதான் நாம நிக்கிற பூமியாம், வெள்ளைக்கரு அதுக்குக் கீழயாம், மஞ்சக்கரு கொதிச்சுக்கிட்டு இருக்காம். ஓடு வெடிச்ச எடத்துல எரிமலையாம். செவ்வாக்கெழமை, முருகனுக்கு நான் விரதம், அன்னைக்குத்தான் இவளுக்குப் பூமியை அவிக்கணும். புள்ளைக ரெண்டும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேக்குதுக. 'நெசமாவே பாக்கலாமா மிஸ்?' 'பாக்கலாமே'ன்னா. தம்பி பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டுனான். பொறப்பட்டாச்சு.

எரிமலைன்னா எல்லாரும் போற எடமாச்சும் போகலாம்ல? பஸ் போற மலை, கடை இருக்கிற மலை அங்கயும் இருக்காம். அது கூட்டமா இருக்குமாம். இவ எவனும் போகாத ஒரு மலையைப் பொறுக்கி எடுத்தா. பேரு என் வாயில நொழையல, சொல்லவும் இஷ்டமில்ல. ஆறு மணி நேரம் ஜீப்பு. அப்புறம் ரோடே கெடையாது. கறுப்பா மணலு, மணலு, மணலு. ஒரு மரம், ஒரு ஆடு மாடு, ஒரு டீக்கடை கெடையாது. எங்க கம்மாயில மண்ணள்ளி முடிச்சு விட்டா அப்படித்தான் இருக்கும். அதைப் பாக்கவா கடல் தாண்டிப் போகணும்? அடிவாரத்துல பத்து வீடு. அதுல ஒரு வீட்டுல ராத்தங்கல். குளிரு எலும்பை ஒடிக்குது. நான் ரெண்டு சேலையைச் சுத்திக்கிட்டுப் படுத்தேன். சஹானாவை என் பக்கத்துல போட்டுக்கிட்டேன்.

மறுநாள் திங்கக்கெழமை. காலையில வழிகாட்ட ஒரு ஆளு வந்தாரு. வாகிமான்னு பேரு. அறுபது வயசு இருக்கும், பல்லு பூராக் காவி, கால்ல ரப்பர் பூட்ஸு. எல்லாருக்கும் ஆளுக்கொரு முகமூடி குடுத்தாரு, பன்னி மூஞ்சி மாதிரி முன்னால நீட்டிக்கிட்டு. என்னமோ அவுக பாஷையில கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாரு. தம்பி தமிழ்ல சொன்னான். 'அக்கா, இந்த சீசன்ல ஒம்பது ஒம்பதரைக்கு மேல காத்து திரும்புமாம். அதுவரைக்கும் பொகை அந்தப் பக்கம் போகும். திரும்புச்சுன்னா நாம நிக்கிற பக்கம் வரும். அதனால ஒம்பது மணிக்கெல்லாம் எறங்க ஆரம்பிச்சிரணும்.' காத்து என்ன, மணி பாத்து அடிக்கிற பள்ளிக்கூடத்து மணியா? ஆனா நான் வாயைத் தொறக்கல. நமக்கு எதுக்குப் பொல்லாப்பு.

எறநூத்துச் சொச்சம் படி. மூச்சு வாங்கி வாங்கி ஏறுனேன். கவினைத் தம்பி தூக்கிக்கிட்டான். சஹானா அந்த டீச்சரம்மா கையைப் புடிச்சுக்கிட்டுக் குடுகுடுன்னு முன்னாடி ஏறுறா. 'அத்தைக்கு முடியல, கையைக் குடு தாயி'ன்னு நான் கூப்பிட்டதும் திரும்பி எறங்கி வந்துட்டா. வரணும்ல? மூஞ்சியை ஒரு மாதிரி வெச்சுக்கிட்டுத்தான் வந்தா, ஆனா வந்துட்டா. அதுக்கப்புறம் அவ கையை நான் விடல.

மேல போயி எட்டிப் பார்த்தேன். என்னத்தைச் சொல்ல? சாம்பல் கலர்ல ஒரு பெரிய பள்ளம், அடியில மஞ்ச மஞ்சளா அப்பிக் கெடக்கு, பொகை வருது. அழுகுன முட்டை நாத்தம். முட்டையை வெச்சுப் பாடம் நடத்துனா அப்புறம் நாறாம என்ன செய்யும்? புள்ளைக 'ஆ'ங்குதுக, 'ஊ'ங்குதுக. டீச்சரம்மா கண்ணுல தண்ணி. பதினாலு வருஷம் இதைப் பாடம் நடத்துனாகளாம், இப்பத்தான் நேர்ல பாக்குறாகளாம். குழியைப் பார்த்து அழுகுறவளை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

அங்க ஒரே ஒரு நல்ல விஷயம் இருந்துச்சு தாயி. குழி ஓரத்துல, கறுப்புக் கல்லுல, நம்ம பிள்ளையாரு! இம்புட்டுக்காண்டு. தும்பிக்கையில கொஞ்சம் செதஞ்சு போயி, மஞ்சத்துணி கட்டி, பூ வெச்சு உக்காந்திருக்காரு. அந்த ஊருக்காரனுக கும்பிடுறானுக. எனக்கு மேலு சிலுத்துப்போச்சு. எத்தனை கடல் தாண்டி, ஒரு ஈ காக்கா இல்லாத எடத்துல எனக்காக உக்காந்திருக்காரு. சூடம், தீப்பெட்டி, தேங்காய் எல்லாம் கைவசம் கொண்டு போயிருந்தேன். தேங்காயை ஒடைச்சேன். ஒரு மூடி துள்ளி உருண்டு, கடகடன்னு குழிக்குள்ள போயிருச்சு. புள்ளைக விழுந்து விழுந்து சிரிக்குதுக. டீச்சரம்மாவும் சிரிச்சா. வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்சா, நான் பாக்கலைன்னு நெனப்பு.

அப்ப சூடத்தைக் காட்டுனேன். சஹானா அந்தப் பன்னி மூஞ்சி முகமூடியோட நிக்கிறா. 'கழட்டு அதை. சாமிக்கு முன்னால திருடன் மாதிரி முகமூடி போட்டுக்கிட்டா நிப்பாக?' கழட்டுனா. வாங்கி ஓரமா வெச்சேன். காத்து அடிச்ச அடியில அதுவும் தேங்காய் போன வழியே போயிருச்சு. போனாப் போகுது, பிளாஸ்டிக்குச் சனியன். என்னோடதை நான் அடிவாரத்துலயே வேணாம்னுட்டேன்.

வாகிமான் கையைத் தட்டுறாரு. எறங்கணுமாம். அவுக கடியாரத்துல ஒம்பது. நான் என் வாட்சைப் பார்த்தேன். ஏழரை. திங்கக்கெழமை ஏழரை ஒம்பது என்ன தாயி? ராகுகாலம். நீ படிச்ச புள்ள, உனக்கே தெரியும். ஒரு வீட்டை விட்டுப் பொறப்படவே நாம யோசிப்போம். எரிமலையிலருந்து ராகுகாலத்துலயா பொறப்படுவாக? அதுவும் எறங்குமுகமா? 'ஒம்பது மணிக்கு எறங்கலாம்'னேன். 'இப்ப ஒம்பதுதான்க்கா'ங்கிறான் தம்பி. 'உன் மில்லுக்கு ஒம்பது. ராகுவுக்கு ஏழரை. நானும் சஹானாவும் ஒன்றரை மணி நேரம் பிள்ளையார்கிட்ட உக்காந்துட்டு வாரோம். நீங்க போங்க.'

அப்ப டீச்சரம்மா வாரா, பூகோளத்தைத் தூக்கிக்கிட்டு. 'மதினி, நீங்க சொல்ற கணக்குப்படியே பார்த்தாலும், ராகுகாலம் அந்தந்த ஊருல சூரியன் உதிக்கிறதுலருந்துதானே எண்ணுவாங்க? இங்க அஞ்சரைக்கு விடிஞ்சிருச்சு. அப்ப ஏழுலருந்து எட்டரை. அது முடிஞ்சு அரைமணி நேரமாச்சு. இப்ப எறங்கலாம் மதினி, தயவுசெஞ்சு.' பார்த்தியா? ஜாதகத்துல நம்பிக்கை இல்லாதவ எனக்குப் பஞ்சாங்கம் சொல்லிக் குடுக்குறா. அங்க ஒரு சூரியன், இங்க ஒரு சூரியனா? நான் உக்காந்துட்டேன். பிள்ளையாருக்குப் பக்கத்துலயே, மண்ணுல, சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். சஹானா கை என் கையில.

தம்பி கெஞ்சுனான். 'எக்கா, எக்கா'ங்கிறான். அவனுக்கு என்கிட்ட எப்பவுமே அம்புட்டுதான் சத்தம் வரும். கவின் ஒண்ணுக்கு வந்துருச்சுன்னு அழுகுறான். தம்பி அவனைத் தூக்கிக்கிட்டு, 'அஞ்சு நிமிஷத்துல மனசு மாறி வந்துரு'ன்னு சொல்லிட்டு வாகிமானோட எறங்கிட்டான். டீச்சரம்மா போகல. 'போ'ன்னேன். போகல. பத்துப் படி கீழ போயி நின்னுக்கிட்டு, எங்களையே பாக்குறா, மேல பாக்குறா, எங்களைப் பாக்குறா. என்னைய வேவு பாக்குறாளாம். சஹானா கையை உருவுனா. 'அத்தை, போலாம் அத்தை, மிஸ் நிக்கிறாங்க.' உருவ விடுவேனா? இறுக்கிப் புடிச்சேன். இங்க விட்டேன்னா அங்க மொத்தமாப் போயிரும்னு எனக்குத் தெரியாதா? ஒரு வாரத்துல அவன் புள்ளைககிட்டக் கேக்கப்போறான். அதுவரைக்குமாச்சும் அவ என் பேச்சைக் கேக்கணும்ல.

இருபது நிமிஷம் இருக்கும். காத்து திரும்பிருச்சு.

அந்தக் கெழவன் சொன்ன மாதிரியேன்னு சொல்லாத. எப்பவோ ஒரு தடவை திரும்புறதுதான், அன்னைக்குப் பார்த்துத் திரும்பிருச்சு. பொகைன்னா நம்ம அடுப்புப் பொகை இல்ல தாயி. மொளகா வத்தலைக் கருக்கி மூக்குக்குள்ள திணிச்ச மாதிரி. கண்ணைத் தொறக்க முடியல. மூச்சை இழுத்தா நெஞ்சுக்குள்ள கத்தி. என் கையே எனக்குத் தெரியல. பிள்ளையாரு தெரியல. குழி எந்தப் பக்கம், படி எந்தப் பக்கம், ஒண்ணும் தெரியல.

கையை விட்டேனான்னு நீயும் கேக்குற பாரு. எல்லாரும் இதைத்தான் கேக்குறாக. விடல. வேர்த்து வழுக்கிருச்சு. அந்தக் குளுருல எப்படி வேர்க்கும்னு தம்பி வக்கீலு மாதிரிக் கேட்டான். எனக்கு வேர்த்துச்சு, அவ்வளவுதான். 'பிள்ளையாரைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு இங்கயே நில்லு, அத்தை போயி ஆளைக் கூட்டியாரேன்'னு அவகிட்டச் சொல்லிட்டுத்தான் எறங்குனேன். சொன்னேன். சொல்லிருப்பேன். ஒரு புள்ளையை அப்படி நிப்பாட்டிட்டுச் சொல்லாம எறங்குவேனா? ராகுகாலத்துல எறங்குனேன்ல, யாருக்காக எறங்குனேன்? அவளுக்கு ஆளு கூட்டியாரத்தானே?

உக்காந்து உக்காந்து, படியைத் தடவித் தடவி எறங்குறேன். எதுக்க ஒருத்தி மேல ஏறி வாரா. எங்க டீச்சரம்மா. என் தோளைப் புடிச்சு உலுக்கி, 'சஹானா எங்க?'ன்னு கேட்டா. என் கை மேல் பக்கம் காட்டுச்சு. அம்புட்டுதான், என்னைய இடிச்சுத் தள்ளிட்டு ஏறுனா. முழங்கை படியில பட்டுத் தோலு வழண்டு போச்சு, இந்தா பாரு, இன்னும் கன்னிப்போயிக் கெடக்கு. வயசுல மூத்தவளாச்சேன்னு ஒரு மரியாதை? இன்னைக்கு வரைக்கும் ஒரு மன்னிப்புக் கேக்கல.

கீழ வந்தேன். தம்பி பாக்குறான், என் பின்னால பாக்குறான், திரும்ப என்னையப் பாக்குறான். 'புள்ள எங்கக்கா?' 'மேல இருக்கா, பிள்ளையார்கிட்ட. சாமிகிட்டதானே விட்டுட்டு வந்திருக்கேன்'னேன். அவன் ஒரு சத்தம் போட்டான் பாரு, எங்க அப்பா செத்தப்பக்கூட அவன் அப்படிக் கத்துனதில்ல. கவினைத் தூக்கி என் கையில திணிச்சுட்டு ஓடப் போனவன், என்ன நெனச்சானோ, கவினை என்கிட்டருந்து திரும்பப் புடுங்கி ஜீப்புக்காரன்கிட்டக் குடுத்துட்டு ஓடுனான். ஜீப்புக்காரன்கிட்ட! முன்னப் பின்னத் தெரியாதவன் அவன். என்ன சொல்ற நீ?

வாகிமான் அவனுக்கு முன்னாடியே ஏறிட்டாரு. அவுக ரெண்டு பேரும் பாதிப்படி போகுறதுக்குள்ள டீச்சரம்மா எறங்கி வந்துட்டா. முதுகுல சஹானா. தன் முகமூடியைக் கழட்டிப் புள்ளைக்கு மாட்டியிருக்கா. இவ மூஞ்சியில ஒண்ணுமில்ல, கண்ணு ரெண்டும் கோவைப்பழம், வாயிலருந்து நொரை மாதிரி வழியுது. முட்டியில ரத்தம். கீழ வந்து புள்ளையை எறக்கி விட்டுட்டு அப்படியே மண்ணுல விழுந்தா. இதுக்குத்தான் அம்புட்டுப் பேரும் அவளைச் சுத்தி நின்னாக. படி தெரிஞ்சவ, எளவட்டம், தூக்கிட்டு வந்தா. ஒரு முகமூடியைக் கழட்டி மாட்டுறது ஒரு பெரிய வித்தையா?

அப்புறம் ஆஸ்பத்திரி. சஹானாவுக்கு ரெண்டு மணி நேரம் மூக்குல குழாய் வெச்சாக, எந்திரிச்சு உக்காந்துட்டா. டீச்சரம்மா நாலு நாள் படுத்துட்டாக. நெஞ்சுல புண்ணாம். நாலு நாளும் நான்தான் அந்த வீட்டுல சமைச்சேன். தம்பி என்கிட்டப் பேசவே இல்ல. சஹானாவுக்குப் பிடிக்குமேன்னு புளிக்கொழம்பு வெச்சு, பெசஞ்சு, உருட்டி, வாய்கிட்டக் கொண்டுபோனேன். 'நானே சாப்பிட்டுக்கிறேன் அத்தை'ன்னா. மூணு வருஷமா என் கையில உருண்டை வாங்கித் தின்ன புள்ள. ஸ்பூனு எடுத்துக்கிட்டு வந்து தின்னா. டீச்சரம்மா ஸ்பூன்லதான் திம்பா, அதைப் பார்த்துப் பழகிக்கிச்சு. கெட்ட பழக்கம்லாம் சீக்கிரம் ஒட்டிக்கிரும்.

கல்லுப்பட்டி தாண்டிருச்சா? தாண்டிருச்சு. பேச்சு சுவாரஸ்யத்துல கவனிக்கல.

டீச்சரம்மா வீட்டுக்கு வந்த அன்னைக்குச் சாயந்தரம் தம்பி கேட்டான். எல்லாரையும் உக்கார வெச்சுத்தான் கேட்டான். அவ மட்டும், 'இன்னைக்கு வேணாம்ங்க, கொஞ்ச நாள் போகட்டும், மதினி மனசு கஷ்டப்படும்'னா. எனக்கு இவ வக்காலத்தா? 'கேளுடா'ன்னேன் நானே. கவின், 'அக்கா எங்கயோ அங்க'ன்னான். சஹானா தரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா. அப்புறம், 'நான் இங்கயே இருக்கேன்ப்பா'ன்னா. மெதுவாத்தான் சொன்னா. அந்த ஊரு வீட்டுக்குப் பின்னால நீச்சல் குளம் இருக்கு தாயி. பத்து வயசுப் புள்ளைக்கு நீச்சல் குளத்தைக் காட்டுனா வேற என்ன சொல்லும்? ராஜபாளையத்துல நான் நீச்சல் குளத்துக்கு எங்க போவேன்?

எனக்கு வயிறு எரியுது. இல்லைன்னு சொன்னா அது பொய்யி. வீட்டுக்குப் போயிக் கதவைத் தொறந்தா ரெண்டு புள்ளைக பள்ளிக்கூடச் சட்டை கொடியில கெடக்கும். போகும்போது தொவைச்சுக் காயப்போட்டது. அதை எடுத்து மடிக்கணும்ல, அதை நெனச்சாத்தான் இந்த பஸ்ஸு கொஞ்சம் மெதுவாப் போனா என்னன்னு இருக்கு.

ஏர்போர்ட்டுக்கு எல்லாரும் வந்தாக. உள்ள போறதுக்கு முன்னாடி, 'வா தாயி'ன்னு கையை நீட்டுனேன். சஹானா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டா. டீச்சரம்மா குனிஞ்சு அவ காதுல, 'அத்தைக்குக் கை குடும்மா'ன்னு சொல்றா. நல்லாத்தான் நடிக்கிறா. அப்பவும் புள்ள குடுக்கல. இதெல்லாம் ஒரு புள்ளைக்குத் தானா வருமா? சொல்லிக் குடுக்காம வருமா? நீயே சொல்லு.

என்ன சன்னல் பக்கம் திரும்பிக்கிட்ட? என் மேல தப்புங்கிறியா? எல்லாரும் அப்படித்தான் நெனப்பீக. எதுக்கும் ஒரு சேதி சொல்றேன், அதையும் கேட்டுட்டு எறங்கு. இதை நான் தம்பிகிட்டக்கூடச் சொல்லல. சொன்னா அவனுக்குப் புரியாது.

அன்னைக்கு அம்புட்டுப் பொகைக்குள்ளயும் அந்தப் புள்ள யாரைக் கூப்பிட்டான்னு நெனக்கிற? அப்பன் கீழதான் இருந்தான், அவனைக் கூப்பிடல. மிஸ் மிஸ்னு அம்புட்டு ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சாளே, அவளைக் கூப்பிடல. என்னையத்தான் கூப்பிட்டா. 'அத்தை... அத்தை'ன்னு. இருமுறா, கூப்பிடுறா, இருமுறா, கூப்பிடுறா. நான் எறங்கிக்கிட்டு இருக்கேன், என் காதுல விழுந்துக்கிட்டே இருக்கு. பாதிப்படி எறங்கி நின்னும் கேட்டேன். பதினோரு தடவை. எண்ணுனேன் தாயி, ஒவ்வொண்ணா எண்ணுனேன். பதினோரு தடவையும் அத்தை, அத்தைன்னு என்னையத்தான் கூப்பிட்டா.

அவளை ஒரு தடவை கூடக் கூப்பிடல. அவளாத்தான் ஏறிப் போனா.